அடுத்த வருசம் என்ன போடலாம்?

ரெண்டு வருசமா எங்க வீட்டுக் கொல்லைத் தக்காளி என்னை ஏமாத்திட்டு வருது. நாத்து நட்டு, குச்சி ஊன்றி, பூவெடுத்து, பிஞ்சு பிடிக்கிற நேரம் பார்த்து ஒரு நாள் மத்தியானம் செடி தலையைத் தொங்கப் போடும். சாயங்காலம் நிமிர்ந்துடும். வெயில்தான் காரணம்னு நானும் ரெண்டு வாளித் தண்ணி கூடுதலா ஊத்துவேன். நாலாம் நாள் பார்த்தா, இலை பழுக்கக்கூட இல்லாம பச்சையாவே செத்து நிற்கும்.

இந்தத் தடவை தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில தொங்க விட்டேன். கொஞ்ச நேரத்துல வெட்டின இடத்துல இருந்து பால் மாதிரி வெள்ளையா, இழை இழையா இறங்குச்சு. பாக்டீரியா வாடல் நோய். மண்ணுக்குள்ள வருசக்கணக்கா உட்கார்ந்திருக்கிற ஆசாமி. வந்தபிறகு குணமாக்க மருந்து கிடையாது.

இதுல என் புத்திசாலித்தனத்தையும் சொல்லியாகணும். முதல் வருசம் தக்காளி செத்ததும், அதே பாத்தியில கத்தரி போட்டேன். அதுவும் போச்சு. அப்புறம் மிளகாய். "பயிரை மாத்தி மாத்தித்தானே போட்டேன்?"னு எனக்கு ஒரே ஆதங்கம். அப்புறம்தான் தெரிஞ்சது, தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். அண்ணன் வீட்டுல திருடினவனுக்குத் தம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்த கதை :-)

ஆக, வர்ற வருசத்துக்கு ஒழுங்கா திட்டம் போடலாம்னு பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு நாலு கட்டம் வரைஞ்சேன். நாலு பாத்தி, நாலு குடும்பம். வருசா வருசம் ஒவ்வொரு கட்டம் நகரணும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒரே ஒரு வரி சொன்னார்.

"ஏய்யா, உங்க தாத்தாவுக்கு இப்படி ஒரு காகிதம் வாய்க்கலையே."

அதுக்கு அர்த்தம் அப்போ எனக்கு விளங்கலை. கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

பயிர் சுழற்சிங்கிறது யாரோ ஒருத்தர் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. தினை அறுத்த தாளுக்கு நடுவுல அவரைக்கொடி பூக்கிறதை நம்ம சங்கப் பாட்டுலயே பார்க்கலாம். இங்கிலாந்துல கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர்னு நாலு வருசச் சுற்றை நார்ஃபோக் முறைன்னு சொல்வாங்க. 1730-ல அரசியலை விட்டு ஊருக்குத் திரும்பின டவுன்ஷெண்ட் பிரபுவுக்கு 'டர்னிப் டவுன்ஷெண்ட்'னே பட்டப்பேரு. ஆனா அவருக்கு முன்னாடியே அந்தப் பக்கத்து விவசாயிகள் டர்னிப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. பேரு மட்டும் பிரபுவுக்கு.

பயறு போட்ட மண்ணு ஏன் தேறுதுங்கிறதுக்கு விடை ரொம்பத் தாமதமாத்தான் கிடைச்சது. ஜெர்மனியில ஹெல்ரீகல்ங்கிறவர் 1886-ல விளக்கினார். பயறுச் செடியோட வேர் முடிச்சுக்குள்ள குடியிருக்கிற நுண்ணுயிர்கள் காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு, செடிக்குத் தழைச்சத்தாக் கொடுக்குதுன்னு. அறிவு வந்தாச்சு. இனி எல்லாரும் மாத்தி மாத்திப் பயிர் பண்ண வேண்டியதுதானேன்னு தோணும். அங்கதான் கதையே.

அதுக்குப் பத்து வருசம் கழிச்சு, 1896-ல, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துல டஸ்கீகிங்கிற ஊருக்கு ஒரு கறுப்பின வாத்தியார் வந்து சேர்றார். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். மிசௌரியில அடிமையாப் பிறந்தவர். பிறந்த வருசம்கூட உறுதியாத் தெரியாது, 1864 வாக்கில்னு சொல்வாங்க. ஓவியம் படிக்கப் போய், செடிகொடி பக்கம் திரும்பி, அயோவா விவசாயக் கல்லூரியில 1894-ல பட்டமும் 1896-ல முதுகலையும் வாங்கினவர். புக்கர் டி. வாஷிங்டன் கூப்பிட்டதால டஸ்கீகிக்கு வந்தார். ஆய்வுக்கூடத்துக்குச் சாமான் கிடையாது. குப்பையில கிடந்த பாட்டில்களையும் ஜாடிகளையும் பொறுக்கித்தான் ஆரம்பிச்சார்.

கார்வர்னா 'வேர்க்கடலை மனுசன்', முன்னூறு பொருள் செஞ்சவர்னுதான் பள்ளிக்கூடப் புத்தகங்கள்ல வரும். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடிச்சதே அவர்தான்னு சொல்றவங்களும் உண்டு. அது தப்பு. அந்த முன்னூறுல பெரும்பாலானது கடைக்கு வரவே இல்லை. அவர் வாங்கின காப்புரிமை மொத்தமே மூணுதான். எனக்கு அவர் முக்கியமாப்படுறது வேற காரணத்துக்காக.

அவர் வந்து பார்த்தப்போ சுத்துவட்டாரம் பூரா பருத்தி. வருசா வருசம் பருத்தி. வீட்டு வாசப்படி வரைக்கும் பருத்தி. மண்ணு சத்து இழந்து, மழைத்தண்ணியில அரிச்சு, ஓடை ஓடையாக் கிழிஞ்சு கிடந்தது. கார்வர் சொன்னதெல்லாம் எளிமையான விஷயம். பருத்திக்கு அடுத்து காராமணி போடுங்க, வேர்க்கடலை போடுங்க, சர்க்கரைவள்ளி போடுங்க. காசு கொடுத்து உரம் வாங்க வேண்டாம். காட்டுல உதிர்ந்த இலையையும் சதுப்புநிலத்துச் சேத்தையும் அள்ளிட்டு வந்து மக்க வைங்க. வீட்டுப் பக்கத்துல ஒரு காய்கறித் தோட்டம் போடுங்க. 1905-ல 'தேய்ந்துபோன மண்ணைத் தேற்றுவது எப்படி'ங்கிற பொருள்ல ஒரு சிறு வெளியீடு எழுதினார். 1916-ல வேர்க்கடலையை வளர்க்கிறதையும், அதை 105 விதமாச் சமைக்கிறதையும் பத்தி இன்னொண்ணு. ஏன் சமையல்? கடலையை விளையவச்சா மட்டும் போதுமா, வித்தாகணும், இல்லைன்னா தின்னாகணும். விவசாயி மண்டையில அதுதானே முதல் கேள்வி!

ஏழை ஜனம் கல்லூரிக்கு வராதுன்னு, 1906-ல கோவேறு கழுதை பூட்டின ஒரு வண்டியில பாடத்தைக் கிராமத்துக்கே அனுப்பினாங்க. ஜெசப் வண்டின்னு பேரு. கலப்பை, விதை, பால் சாமான்னு சகலமும் அதுல இருக்கும். அதை ஓட்டிக்கிட்டுப் போன தாமஸ் கேம்ப்பெல், அமெரிக்க விவசாயத் துறையின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர் ஆனார்.

இவ்வளவு செஞ்சும், கேட்டுக்கிட்ட பலபேரால அதைச் செய்ய முடியலை. சோம்பேறித்தனமா? அறியாமையா? அன்னைக்குப் பெரிய மனுசங்க அப்படித்தான் சொன்னாங்க. காரணம் வேற.

1865-ல உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமை முறை ஒழிஞ்சது. ஆனா நிலம் பழைய முதலாளிகிட்டயே இருந்துச்சு. விடுதலையான ஜனம் அதே நிலத்துல வாரத்துக்கு உழுதாங்க. வெள்ளாமை வீடு வர்ற வரைக்கும் சாப்பாட்டுக்கு? மளிகைக் கடைக்காரர்கிட்டயோ நிலக்காரர்கிட்டயோ மாவு, பன்றிக்கறி, விதை எல்லாம் கடன். அதுக்கு அடமானம் இன்னும் விளையாத வெள்ளாமை. கடன் கொடுக்கிறவர் எந்தப் பயிரை நம்புவார்? எப்பவும் விலை போகிற, யாரும் எடுத்துத் தின்னுட முடியாத பயிரை. அதாவது பருத்தியை. காராமணி போடுறேன்னா கடன் கிடையாது. காய்கறித் தோட்டம் போட்டாலும் அவ்வளவு இடத்துல பருத்தி குறையும், கடையில வாங்குறதும் குறையும். யாருக்கு நஷ்டம்னு நீங்களே பார்த்துக்குங்க.

இன்னொண்ணும் உண்டு. ஒப்பந்தம் பொதுவா ஒரு வருசத்துக்குத்தான். கணக்கு முடிச்சா பல குடும்பம் மூட்டை முடிச்சோட வேற நிலத்துக்குப் போகும். பயிர் சுழற்சிங்கிறது மூணு, நாலு வருசக் கணக்கு. இந்த வருசம் நான் பயறு போட்டு மண்ணைத் தேத்தினா, அடுத்த வருசம் அந்த மண்ணுல நான் இருப்பேனா? இருக்க மாட்டேன்னா எவனுக்காகத் தேத்தணும்? இந்த இடத்துல கார்வரோட பாடம் சுவத்துல முட்டி நின்னுச்சு. மண்ணைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனா அடுத்த வருசம் என்ன போடுறதுன்னு முடிவெடுக்கிற உரிமை, உழுதவன் கையில இல்லை. அதை எந்த வண்டியில ஏத்திக் கொண்டுபோய்க் கொடுக்கிறது?

கடைசியில மாத்தினது ஒரு பூச்சி. மெக்சிகோ பக்கத்துல இருந்து 1892 வாக்குல டெக்சாஸுக்குள்ள நுழைஞ்ச கூன்வண்டு, பருத்தி மொட்டையும் காயையும் துளைச்சுக்கிட்டே கிழக்கே நகர்ந்து, 1910 வாக்குல அலபாமாவுக்கு வந்துச்சு. பருத்தி போச்சுன்னதும் அதுவரைக்கும் கேக்காத காதெல்லாம் திறந்துச்சு. கடன் கொடுக்கிறவங்களே "கடலை போடு"ன்னாங்க. அலபாமாவில எண்டர்ப்ரைஸ்ங்கிற ஊர் கடலையில பிழைச்சு எழுந்து, 1919 டிசம்பர் 11-ல அந்த வண்டுக்கு நன்றி சொல்லி நடுத்தெருவுல நினைவுச்சின்னமே வச்சுது. முதல்ல அதுல ஒரு பெண் சிலை மட்டும்தான். அவ கையில வண்டை ஏத்தினது 1949-ல. ஒரு வாத்தியார் பல வருசம் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு வண்டு சில வருசத்துல சாதிச்சது. வாத்தியார்களுக்குச் சமர்ப்பணம் :-)

இதனால உழுதவங்க எல்லாரும் தேறிட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. 1933-ல அரசாங்கம் பருத்தியைக் குறைக்கிறதுக்குப் பணம் கொடுத்தப்போ பெரும்பகுதி நிலக்காரங்க கைக்கே போச்சு. உழுத குடும்பங்கள் பல வெளியேத்தப்பட்டாங்க. கார்வர் 1943 ஜனவரி 5-ல காலமானார். அதுக்கு முந்தின வருசம் அவர் எழுதின வெளியீடு, காட்டுல தானா முளைக்கிற கீரைகளை எப்படிச் சாப்பிடுறதுன்னு. கடைசி வரைக்கும் காசு கேக்காத வழிகளைத்தான் தேடியிருக்கார் மனுசன்.

இதையெல்லாம் அப்பாகிட்ட ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்போதான் அந்த ஒத்த வரிக்கு அர்த்தம் சொன்னார். கோவில்பட்டிக்குப் பக்கம் கரிசக்காடு. தாத்தாவுக்கு மூணு ஏக்கர் வாரம். விதையும் கடனும் ஒரு கமிஷன் மண்டியில. முளைச்சதும் மண்டி ஆள் வந்து காட்டைச் சுத்திப் பார்ப்பாராம், பருத்திதானான்னு. ஒரு வருசம் தாத்தா ஓரமா நாலு சால் உளுந்து போட்டிருக்கார். அடுத்த வருசம் கடன் பாதியாயிடுச்சு.

"உங்க தாத்தாவுக்குத் தெரியாதா, உளுந்து போட்டா மண்ணு தேறும்னு? தெரியும்யா. எல்லாருக்கும் தெரியும்."

அதுக்கு மேல அப்பா பேசலை. ரசம் ஊத்திக்கிட்டார்.

மறுநாள் காலையில காலண்டர் தாள்ல மிச்சத்தை நிரப்பினேன். நோய் பிடிச்ச முதல் பாத்தியில மக்காச்சோளம், அடுத்து காராமணி. மூணு வருசத்துக்குத் தக்காளிக் குடும்பம் அங்கே தலைகாட்டக் கூடாது. அதுக்கப்புறமும் நோய் முழுசாப் போயிடும்னு சொல்ல முடியாது, குறையும். அந்தப் பாத்தி மண்வெட்டியைக் கழுவாம அடுத்ததுக்குக் கொண்டுபோறதில்லைன்னும் எழுதி வச்சிருக்கேன். ரெண்டாம் பாத்தியில அவரையும் கொத்தவரையும். அது முடிஞ்சதும் செடியைப் பிடுங்காம அடியோட அறுத்துட்டு வேரை மண்ணுலயே விட்டுடணும். அந்த இடத்துக்குத்தான் அதுக்கு அடுத்த வருசம் தக்காளி. மூணாவதுல புடலை, பீர்க்கு. நாலாவதுல முள்ளங்கி, வெங்காயம், கீரை.

ஒரு ஓரத்துல கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு. அப்பாகிட்ட தாளையும் பேனாவையும் நீட்டி, "இதுல என்ன போடலாம்?"னு கேட்டேன். யோசிக்கவே இல்லை. 'உளுந்து'ன்னு எழுதி, அதுக்குக் கீழே ஒரு கோடும் போட்டுட்டார்.

உங்க வீட்டுல அடுத்த வருசம் என்ன போடப் போறீங்க? சொல்லுங்க.