அளவுகோலும் ஆடுகளமும்: பெண்கள் உதைபந்தாட்டத்தில் உடற்றகுதிச் சோதனையின் வரலாறு

ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த விவசாயக் கிராமம் கனகராயன்குளம். குளத்தை நம்பி வாழும் வன்னி மக்களுக்கு அளத்தல் புதியதொரு கலையன்று. சிறுபோகத்துக்கு முன்னர் குளத்தின் நீர்மட்டத்தை நோக்கி, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் கமக்காரர் கூடித் தீர்மானிப்பர். முதலில் அளவு, பின்னரே முடிவு என்பது அவர்தம் முறை. பெண்களின் உடலாற்றல் பற்றிய உலக வரலாறோ இம்முறையைத் தலைகீழாக்கியது. அங்கே முடிவு முதலிலும் அளவு மிகப் பிந்தியும் வந்தன. பெண்கள் உதைபந்தாட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாம் உலக மகாயுத்த காலத்தில் இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்த பெண்கள் உதைபந்தாட்ட அணிகளை அமைத்தனர். 1917ஆம் ஆண்டிலே பிரெஸ்ரன் நகரில் தோன்றிய டிக் கெர் அணி இவற்றுட் புகழ் வாய்ந்தது. 1920 டிசெம்பர் 26ஆந் திகதி லிவர்பூலில் இவ்வணி ஆடிய ஆட்டத்தை ஏறத்தாழ 53,000 பேர் கண்டுகளித்தனர். ஓராண்டு கழியுமுன், 1921 டிசெம்பர் 5ஆந் திகதி, இவ்விளையாட்டுப் பெண்களுக்குப் பொருந்தாதது எனக் கூறி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. வைத்தியர் சிலரும் இதனை ஆதரித்தனர். ஆயின் எந்தப் பெண்ணின் ஓட்டத்தையோ நாடித்துடிப்பையோ அளந்து பெற்ற சான்று அத்தீர்மானத்தில் இடம்பெறவில்லை. தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது. பிரேசிலிலும் 1941 முதல் 1979 வரை இத்தகைய தடை நிலவியது. 1991இல் சீனாவில் நிகழ்ந்த முதலாவது மகளிர் உலகக் கிண்ணப் போட்டியிற்கூட ஆட்டங்கள் 90 நிமிடங்களுக்குப் பதிலாக 80 நிமிடங்களே நடைபெற்றன. பழைய ஐயத்தின் எச்சம் அதுவெனலாம்.

இதற்கிடையே அளவுகோல்கள் வளர்ந்தன. 1968இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் பன்னிரண்டு நிமிட ஓட்டச் சோதனையை வெளியிட்டார். 1982இல் கனடாவைச் சேர்ந்த லெஜேயும் லம்பேரும் 20 மீற்றர் தூரத்தைச் சமிக்ஞை ஒலிக்கேற்ப மாறிமாறி ஓடும் சோதனையை வகுத்தனர். உதைபந்தாட்டமோ ஒரே வேகத்தில் ஓடும் விளையாட்டன்று. விரைதலும் தரித்தலும் திரும்புதலும் அதன் இயல்புகள். இதனை உணர்ந்த டென்மார்க் அறிஞர் யென்ஸ் பாங்ஸ்போ, ஒவ்வொரு 40 மீற்றர் ஓட்டத்துக்கும் இடையே பத்து விநாடி இடைவேளை தரும் 'யோ-யோ' சோதனையை உருவாக்கினார். 2005இல் வெளிவந்த டேனிய ஆய்வொன்று, உயர்தர வீராங்கனையர் ஓர் ஆட்டத்திற் சுமார் 10 கிலோமீற்றர் ஓடுவதையும், இச்சோதனையிற் சிறந்தோரே ஆட்டத்தில் அதிக தூரம் விரைந்தோடுவதையும் காட்டிற்று. 1921ஆம் ஆண்டின் தீர்ப்பை அளவுகோல் இவ்வாறு பொய்ப்பித்தது.

எனினும் இளம் பெண்களை அளக்குமிடத்து எண் மட்டும் போதாது. பெண்பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் பொதுவாகப் பன்னிரண்டு வயதளவில் உச்சமடையும். ஆயினும் ஒரே வயதினரான இருவர் வளர்ச்சியின் வெவ்வேறு படிகளில் நிற்றல் கூடும். மாதவிடாயினாலும் போதிய உணவின்மையாலும் இரும்புச்சத்துக் குறையுமாயின், பயிற்சி எத்துணை இருப்பினும் ஓட்டம் தளரும். முழங்காலின் முன்சிலுவை இணையம் அறுந்துபோகும் அபாயமும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இவற்றை அறிந்து செயற்பட்டால் பயன் உண்டு. 2008இல் வெளியான நோர்வே ஆய்வில், 13 முதல் 17 வயது வரையான 1,892 மாணவியர் பங்குபற்றினர். ஒழுங்கான ஆயத்தப் பயிற்சி பெற்றோரிடையே கடுங்காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன.

வட இலங்கையிலும் பெண்கள் இவ்விளையாட்டில் தடம் பதித்துள்ளனர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் போட்டிகளில் ஈட்டிய வெற்றிகள் யாவரும் அறிந்தவை. வன்னியின் நிலை வேறு. 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை ஏ-9 வீதியையே இலக்காகக் கொண்டது. 2008இன் இறுதியில் யுத்தம் மீண்டும் கனகராயன்குளத்தைக் கடந்து சென்றது. 2009இல் வன்னி மக்கள் பெருந்தொகையினர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் வாழ நேர்ந்தது. இடப்பெயர்விலும் பசியிலும் வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகளே இன்று அங்கே பாடசாலை செல்பவர்கள். உடலின் அளவில் ஊட்டமும் வறுமையும் தம் பங்கை எழுதிவைக்கின்றன. ஐரோப்பியப் புற்றரையிற் பெற்ற எண்ணை வன்னியின் வெயிலிலும் காய்ந்த தரையிலும் ஓடும் சிறுமிக்கு அவ்வாறே பொருத்தி, அவள் தகுதியற்றவள் எனல், 1921ஆம் ஆண்டின் தவறை அறிவியலின் பெயரால் மீண்டும் செய்வதாகும்.

இச்சோதனைகளுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 20 மீற்றர் சமநிலம், அடையாளக் கம்பங்கள் சில, நேரமும் ஒலியும் தரும் கருவியொன்று ஆகியன கிராமப் பாடசாலைக்கும் எட்டுவன. தவணைதோறும் ஒரு மாணவியின் அளவை அவளது முந்திய அளவோடு ஒப்பிட்டால் அவளது வளர்ச்சி புலப்படும். அளவு திடீரெனத் தாழுமாயின், அவள் என்ன உண்கிறாள், எவ்வளவு உறங்குகிறாள், நோயுற்றாளா என வினவுதல் ஆசிரியர் கடன். நீர்மட்டம் தாழ்ந்ததெனக் குளத்தைப் பழிக்கும் கமக்காரர் இலர். அவர் நீர் ஒழுகும் இடத்தைத் தேடி அணைக்கட்டைத் திருத்துவர். பெண்பிள்ளைகளை அளக்கும் கோலும் அந்நோக்கத்தோடு கையாளப்படுமாயின், நூறாண்டுக்கு முன் மூடப்பட்ட மைதானத்தின் கதவு கனகராயன்குளத்துச் சிறுமிக்கும் மெய்யாகவே திறந்ததாகும்.