கேட்டுக்கு வெளியேயும் அதே தலைதான்



போன வாரம் காலையில் நம் சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் பைக்கை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றான். நைட் ஷிப்ட் முடித்து வருகிறான், கண்ணெல்லாம் சிவப்பு. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. "கம்பெனிக்குள்ள ஹெல்மெட் இல்லாம ஒரு அடி வைக்க முடியாது டீச்சர்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளை, இதே ஜி.எஸ்.டி. சாலையில், இதேபோல் ஷிப்ட் முடிந்து வரும்போதுதான் நம்மை விட்டுப் போனான்.

கேட்டுக்கு உள்ளே ஒரு தலை, வெளியே ஒரு தலையா? இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

தொழிற்சாலைகள் சட்டம் 1948இல் வந்தது. ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டும் என்றெல்லாம் சொன்னது. தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டமும் அதே ஆண்டுதான். 1966 மார்ச் 4இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் அமைந்தது. அந்த நாளைத்தான் தேசியப் பாதுகாப்பு தினமாக ஆலைகளில் உறுதிமொழி எடுத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் இந்த அக்கறையெல்லாம் பெரும்பாலும் கேட்டோடு நின்றது.

கேரளத்தில் கொரட்டியில் 1971இல் நடந்ததைக் கேளுங்கள். மாலை 4.30 மணி ஷிப்டுக்கு ஒரு தொழிலாளி சைக்கிளில் போகிறார். 4.15க்கு, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், லாரி மோதிக் காறை எலும்பு முறிந்தது. இது வேலையால் வந்த காயமா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996இல் "இல்லை" என்று தீர்ப்பு வந்தது. பிறகு 2010இல்தான் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலைக் காயமாக ஏற்றார்கள். சட்டம் கேட்டைத் தாண்ட 62 ஆண்டுகள் ஆயின.

சட்டம் பணம் தரும், உயிர் தராது. 2022இல் சாலை விபத்துகளில் இந்தியாவில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

மறைமலை நகர், ஒரகடம், மகேந்திரா சிட்டி என்று பல இடங்களில் நீங்கள் இன்று சூப்பர்வைசர்களாக இருக்கிறீர்கள். ஷிப்ட் தொடங்கும்முன் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறீர்கள் அல்லவா? அதில் இரண்டு நிமிஷம் வீட்டுக்குப் போகும் வழிக்கும் ஒதுக்குங்கள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டு, ஹெல்மெட் வாரை மாட்டு, போன் வந்தால் நின்று பேசு என்று சொல்லுங்கள். வீட்டில் வெடித்துப்போன கேஸ் டியூபை மாற்றுவதையும், ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாமல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று அவன் ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டிய பிறகுதான் போகவிட்டேன். வீடு சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னேன். பண்ணினான்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்