காற்று ஊதிய உலைகள்

ஹல்துமுல்லையில் பஸ் ஏறிப் பலாங்கொடைப் பக்கம் போகிறவர்களுக்கு ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இலங்கை மலைநாட்டின் தெற்கு விளிம்பை அந்தத் தென்மேல் பருவக்காற்று மாதக்கணக்கில் அறைந்துகொண்டே இருக்கும். அதே வழியில், பெலிஹுல் ஓயாவைத் தாண்டித் தெற்கே இருக்கிறது சமனலவெவ. 1992இல் அங்கே அணை கட்டி முடிவதற்குமுன் தொல்லியல் ஆய்வு நடத்திய கில் ஜூலெஃப், மேற்கு பார்த்த குன்றுச் சரிவுகளில் பழைய இரும்பு உலைகளின் எச்சங்களைக் கண்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தவை அவை.

இவற்றுக்குத் துருத்தி கிடையாது. வெறும் காற்றை நம்பி இரும்பெடுக்க முடியுமா என்று அறிஞர்கள் பலர் ஐயப்பட்டார்கள். ஜூலெஃப் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1994இல் அதே வடிவில் உலை கட்டி, பருவக்காற்றில் மூட்டினார். முன்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாயும் காற்று, சுவருக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் சுவரின் அடியிலுள்ள களிமண் குழாய்கள் வழியே காற்று தானாக உள்ளே இழுபடுகிறது. கிடைத்தது இரும்பு மட்டுமல்ல, காபன் மிகுந்த உருக்கும்தான். 1996இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

அந்த உலைக்குள் என்ன நடந்தது? இரும்புத் தாதில் இரும்பு தனியாக இல்லை; ஒட்சிசனோடு பிணைந்திருக்கிறது. ஒட்சிசனின் வெளி ஓட்டில் 6 இலத்திரன்கள், இன்னும் 2க்கு இடமுண்டு. இரும்பு தன் இலத்திரன்களை விட்டுக்கொடுக்கிறது. ஒன்று நேரேற்றம், மற்றது எதிரேற்றம்; இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. பிரிந்து நிற்பதைவிடச் சேர்ந்து நிற்கையில் மொத்தச் சக்தி குறைவு. அணுக்கள் பிணைவதற்குக் காரணம் அவ்வளவுதான். ஆசை, விருப்பம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது நமக்குப் புரிவதற்காக.

இந்தப் பிணைப்பை உலைச் சூடு மட்டும் அறுக்காது. கரி எரிந்து உண்டாகும் காபனோரொட்சைட்டு வேண்டும். அதில் காபனும் ஒட்சிசனும் இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. இன்னொரு ஒட்சிசன் கிடைத்தால் காபனீரொட்சைட்டாகி மேலும் சக்தி குறைந்த நிலைக்கு இறங்கிவிடும். அந்த ஒட்சிசனைத் தாதிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. விடுபட்ட இரும்பணுக்கள் தங்கள் இலத்திரன்களைப் பொதுவில் விட்டு ஒன்றோடொன்று பிணைகின்றன. அடித்தால் உடையாமல் வளைவது அதனால்தான்.

இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூடு தேவைப்படவில்லை; கசடு உருகிப் பிரிந்தாலே போதும். தாதிலிருந்த சிலிக்கா, இரும்பு ஒட்சைட்டில் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு சுமார் 1200 பாகையிலேயே கசடாக உருகிவிட்டது. கணிசமான இரும்பு இப்படி வீணானது; உலைக்காரர் அதைத் தெரிந்தேதான் கொடுத்திருப்பார்.

இப்படி இலத்திரன் சோடி பகிரப்படுவதை இரசாயனவியலாளர் கில்பர்ட் லூயிஸ் எழுதியது 1916இல். அப்பகிர்வு ஏன் சக்தியைக் குறைக்கிறது என்பதைப் பௌதிகவியலாளர்கள் ஹைட்லரும் லண்டனும் ஐதரசனை வைத்துக் கணக்கிட்டது 1927இல். உலைக்காரருக்கு இவை தேவைப்படவில்லை. இரும்பணுக்களின் இடுக்கில் காபன் எவ்வளவு புகுந்தது என்பதை அவர் பொருளின் கடினத்தை வைத்தே அறிந்திருக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அல் கிந்தி, சரந்தீப், அதாவது இலங்கை, வாள்களையும் குறிப்பிடுகிறார். அவை இந்தச் சரிவுகளின் உருக்குதானா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.