செருப்புக்கு வெட்டிய கால்

1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் வந்த செவ்ரோலே சி-10 பிக்கப் வண்டியில் இரண்டு நீளம் உண்டு. நீளத் தொட்டி வைத்ததில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 127 அங்குலம். குட்டைத் தொட்டி வைத்ததில் 115. பழைய வண்டி சேகரிக்கிறவர்கள் இன்று அங்கே நீள வண்டியை வாங்கி, சேசிஸை அறுத்துக் குறுக்கி, குட்டைத் தொட்டியை ஏற்றுகிறார்கள். காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா என்று நம்மூரில் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் கேலியோடு நிறுத்திக்கொண்டால் ஒரு வரலாறு கைநழுவிப் போய்விடும்.

நீளத் தொட்டி எட்டடி. ஏன் எட்டடி? ஒட்டுப்பலகை நாலுக்கு எட்டு அளவில் வருகிறது. தச்சன் அதைப் படுக்கப்போட்டு, பின்கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டும். அந்த நீளத்தைத் தீர்மானித்தது வேலை. குட்டைத் தொட்டி ஆறரை அடிதான். பலகை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உழைக்கிறவர்கள் அன்று அதிகம் வாங்கியது நீள வண்டி என்பதால் இன்று மிஞ்சிக் கிடப்பதும் அதுவே, விலையும் குறைச்சல். குட்டை வண்டி அபூர்வம், பார்க்கவும் மிடுக்கு. பயன்மதிப்பு எதில் கூடுதலோ அதில் பரிவர்த்தனை மதிப்பு மட்டம். மூலதனம் படிக்காதவருக்கும் இது பட்டறை வாசலில் புரிந்துவிடும்.

வண்டியின் நீளத்தில் கை வைப்பது ஒன்றும் புதுசில்லை. ஃபோர்டு மாடல் டி காரின் அச்சிடைவெளி 100 அங்குலம். அதைப் பின்பக்கம் நீட்டி லாரியாக்கிக்கொள்ளும் சட்டங்களை 1910களிலேயே ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக் போன்றவை விற்றன. 1917இல் ஃபோர்டே 124 அங்குலத்தில் மாடல் டிடி என்ற ஒரு டன் வண்டியை இறக்கியது. கொடுத்தது சேசிஸ் மட்டும். மேலே என்ன கட்டுவதென்பது வாங்கியவன் பாடு. கம்பெனியே தொட்டி வைத்து 281 டாலருக்குச் சின்ன பிக்கப் விற்றது 1925இல். ஸ்டெய்ன்பெக்கின் 1939 நாவலில், நிலம் பறிபோய் ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பும் ஜோடு குடும்பம் ஏறுவது ஹட்சன் காரை வெட்டித் தொட்டி வைத்த வண்டியில்தான். பதின்மூன்று பேர் ஏற வேண்டியிருந்தது, வெட்டினார்கள். 'கோபத்தின் கனிகள்' பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிற நாம் (நானும்தான்) இந்த வெட்டை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

இப்போதைய வெட்டு வேறு மாதிரி. சி-10இன் இரண்டு நெடுஞ்சட்டங்களிலும் பின்னச்சுக்கு முன்னால் 12 அங்குலம், பின்னால் 8 அங்குலம், ஆக 20 அங்குலம் போகிறது. செங்குத்தாக ஒரே கோட்டில் அறுத்து ஒட்டினால் பாரமெல்லாம் அந்தக் கோட்டிலேயே விழும். அதனால் சாய்வாகவோ படிபோலவோ அறுக்கிறார்கள். வெல்டிங்குக்கு முன் மூலைக்கு மூலை குறுக்கே அளக்கிறார்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். உட்புறம் தகடு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். ஷாஃப்டையும் பிரேக் குழாயையும் குறைத்தாக வேண்டும். கடைசியில் வெல்டிங் தடத்தை அரைத்து வழவழப்பாக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கடைசி வேலைதான் எனக்கு இடிக்கிறது. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். ஏட்டில் இல்லாததைச் சேர்த்தாலும் இருந்ததை நீக்கினாலும் பதிப்பாசிரியன் அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கேயோ வெட்டினதே தெரியாமல் முடித்தால்தான் நல்ல வேலை என்று பெயர். தொழிற்சாலையிலிருந்தே குட்டையாக வந்ததாக வண்டி சாதிக்கும். பலகையும் வைக்கோலும் சுமந்த 20 அங்குலம் பழைய இரும்புக் குவியலில் கிடக்கும். அதோடு வெட்டி ஒட்டியவனின் கையும் மறைந்துபோகிறது. அவனும் தொழிலாளிதானே, தன் தடத்தைத் தானே அழித்தால்தான் அவனுக்குக் கூலி.

தகட்டைச் சட்டத்தின் வெளிப்புறத்திலேயே வைத்து, போல்ட் தலை தெரிய விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்த வண்டியில், 'எங்கய்யா வெட்டினே?' என்று கேட்டால், குனிந்து தொட்டுக் காட்டலாம்.