சர்க்கஸ் வலை பாலத்துக்கு வந்த கதை

1930களில் அமெரிக்காவில் பெரிய பாலம் கட்டுகிறவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருந்தது: பத்து லட்சம் டாலர் செலவானால் ஓர் ஆள் சாவான். இதை யாரும் ஒளித்துப் பேசவில்லை. இரும்புக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறபோதே இதுவும் மனக்கணக்கில் சேர்ந்துவிடும். சான்ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்துக்கு 1933 ஜனவரியில் வேலை தொடங்கியது. மொத்தச் செலவு மூன்றரைக் கோடி டாலர். வாய்ப்பாட்டின்படி 35 பேர்.

அது பொருளாதார மந்தக் காலம். மேலே வேலை செய்கிறவன் தவறி விழுந்தால் அந்த இடம் நமக்குக் கிடைக்கும் என்று பாலத்தடியில் காத்துக்கிடந்தவர்கள் உண்டு. ஆள் போனால் மறுநாளே வேறு ஆள் வருவான் என்ற நிலையில், ஆளைக் காப்பாற்ற ஒரு நிர்வாகம் பணம் செலவழித்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் புகழாசை பிடித்தவர். பாலத்தின் கணக்குகளில் பெரும்பகுதியைப் போட்டுக்கொடுத்த சார்லஸ் எல்லிஸின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்ட பழி அவர் மேல் உண்டு. அதில் அவருக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஆள் பாதுகாப்பில் மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். தலைக்கவசம் போடாதவன் பாலத்தில் ஏற முடியாது. உள்ளூர் நிறுவனமான புல்லார்ட் அதைச் செய்துகொடுத்தது. வெயில் பட்டுக் கடல் பளபளக்குமே, அதற்குக் கண்கூசாத கண்ணாடி. முந்தின இரவு குடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் சாறு. கம்பியில் தொங்கி வித்தை காட்டினால் சீட்டுக் கிழிந்துவிடும்.

இதெல்லாம் கோபுரம் எழுப்பி, வடம் கட்டுகிற வரைக்கும் போதுமாக இருந்தது. பாலத்தின் தளம் போடும் கட்டம் வந்ததும் சிக்கல் மாறியது. தண்ணீரிலிருந்து சுமார் 220 அடி உயரம். பனிமூட்டம் படிந்து இரும்பெல்லாம் வழுக்கும். கடலிலிருந்து வரும் காற்று ஆளைத் தள்ளும். இடுப்பில் பெல்ட் மாட்டி, கயிற்றை எங்காவது கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறவனுக்குப் பரவாயில்லை. உத்திரத்துக்கு உத்திரம் தாவிப் போகிற இரும்பு வேலைக்காரன் அடிக்கொரு தரம் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அவிழ்த்த அந்த நொடியில்தான் விழுவான்.

அப்போது வந்ததுதான் வலை. யோசனை புதிது அல்ல. சர்க்கஸில் பார் ஆடுகிறவர்களுக்குக் கீழே வலை கட்டுவது அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பழக்கத்தில் இருந்தது. ஆனால் கூடாரத்துக்குள் கட்டுவது வேறு, கடல்வாயின் குறுக்கே இரு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 4,200 அடி நீளும் தொங்குபாலத்துக்குக் கீழே கட்டுவது வேறு. மணிலா நாரில் திரித்த, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கயிறு. ஆறு அங்குலச் சதுரக் கண்கள். பாலத்தின் அகலத்தைவிட இரு பக்கமும் பத்தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி 1936-ல் கட்டினார்கள். தளம் முன்னேற முன்னேற வலையும் அதற்குச் சில அடி முன்னால் நகர்ந்துகொண்டே போகும். செலவு சுமார் 1,30,000 டாலர்.

வலை வந்ததும் இன்னொன்று நடந்தது. ஆட்கள் தைரியமாக நடந்தார்கள், வேலை வேகம் பிடித்தது. பயந்து பயந்து கால் வைக்கிறவன் ஒரு நாளில் செய்வதைவிட, கீழே வலை இருக்கிறது என்று தெரிந்தவன் கூடுதலாகச் செய்தான். பாதுகாப்புக்குச் செலவழித்தால் வேலை தாமதமாகும் என்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

அந்த வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். பெயர், ‘நரகத்துக்குப் பாதி வழி கிளப்’. சாவை நேரில் பார்த்துவிட்டு வந்த கையோடு இப்படிப் பெயர் வைக்கிற குசும்பு இரும்பு வேலைக்காரர்களுக்கே வரும்.

முதல் மரணம் 1936 அக்டோபர் 21-ல் நேர்ந்தது. டெரிக் கிரேன் சாய்ந்து ஒருவர் இறந்தார். அதுவரை மூன்றே முக்கால் வருடம் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பாலம் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. வாய்ப்பாடு தோற்றுவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

1937 பிப்ரவரி 17. கான்கிரீட் தளத்துக்கு அடியில் சென்ட்ரிங் பலகை பிரிக்கும் வேலை. பாலத்தின் அடிவயிற்றில் தொங்கியபடி நகரும் சாரம் ஒன்றின் மேல் ஆட்கள் நின்றிருந்தார்கள். சாரத்தைத் தாங்கிய பிடிமானம் விட்டுப்போக, அது முழுசாக வலை மேல் விழுந்தது. ஆளைத் தாங்கக் கட்டிய வலை, டன் கணக்கில் விழுந்த எடையைத் தாங்கவில்லை. கிழிந்து, சாரத்தோடும் ஆட்களோடும் கடலுக்குள் போனது. விழுந்த பன்னிரண்டு பேரில் இருவர் பிழைத்தார்கள். பத்துப் பேர் போய்விட்டார்கள். மூன்று மாதம் கழித்து, மே 27-ல் பாலம் திறக்கப்பட்டது. மொத்தம் 11 உயிர்.

வலை தோற்றது என்று இதைச் சொல்ல மாட்டேன். தோற்றது சாரம். வலைக்கு ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது என்பது அன்றைக்குத் தெரிந்தது. இன்றைய அமெரிக்கக் கட்டுமான விதிகளைப் புரட்டினால் அந்த அளவுகள் வரிக்கு வரி இருக்கின்றன. வலையின் கண் ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஆள் நிற்கும் தளத்திலிருந்து 30 அடிக்குக் கீழே வலை இருக்கக் கூடாது. கட்டி முடித்ததும் 400 பவுண்டு, அதாவது சுமார் 180 கிலோ மணல் மூட்டை ஒன்றை மேலேயிருந்து வலைக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். மூட்டை நின்றால்தான் ஆள் ஏறலாம். வலையில் விழுந்த பலகை, போல்ட், சுத்தியல் எதுவானாலும் அடுத்த ஷிஃப்டுக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

இடுப்பு பெல்ட்டின் கதை இதைவிடச் சுருக்கம். விழுகிறவனை அது நிறுத்தும். ஆனால் மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தொடை, தோள், மார்பு என்று அதைப் பிரித்துக்கொடுக்கும் ஹார்னஸ் வந்த பிறகும் பெல்ட் போகவில்லை. விழுகிறவரை நிறுத்த இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா தடுத்தது 1998 ஜனவரி 1-ல்தான்.

நம் ஊரில் அடுக்குமாடிக் கட்டடங்களைச் சுற்றிப் பச்சை வலை போர்த்தியிருப்பதைப் பார்த்து, ஆள் விழுந்தால் பிடிக்கத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தூசிக்கும் சிமென்ட் சில்லுக்கும் கட்டியது. ஆளைத் தாங்காது. ஆளைத் தாங்கும் வலை கட்டக் காசு இல்லை என்று கான்ட்ராக்டர் சொன்னால் ஒரு கணக்கை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: கோல்டன் கேட் பாலத்தின் மொத்தச் செலவில், 19 பேரைக் காப்பாற்றிய அந்த வலைக்கு ஆனது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை.