முன்னே சட்டம், பின்னே தண்டனை

வேலி எழுப்புமுன் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்து அபராதம் கேட்டால் ஊரார் ஒப்புவார்களா? மாட்டுக்காரன்மீது கோபமுள்ளவர்கூட, "வேலி எப்போது வந்தது?" என்றுதான் கேட்பார். இந்த எளிய நியாயமே நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 20-ஆம் ஷரத்தில் முதற் பிரிவாக நிற்கிறது. ஒரு செயல் நிகழ்ந்த காலத்தில் அமலிலிருந்த சட்டத்தை மீறினாலன்றி எவரையும் குற்றவாளியாக்கலாகாது. அன்றைய சட்டம் அனுமதித்ததற்கு மேல் தண்டிக்கவும் ஆகாது.

இதன் பொருளை 1953-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் இரு வழக்குகளில் வகுத்தது. முதலாவது, இன்று மத்தியப் பிரதேசத்தில் அடங்கியுள்ள விந்தியப் பிரதேசத்தின் கைத்தொழில் மந்திரியாயிருந்த ராவ் சிவ பகதூர் சிங்கின் வழக்கு. பன்னா வைரச் சுரங்கக் குத்தகை சம்பந்தமாக, 1949 ஏப்ரலில் புது டில்லியில் அவர் 25,000 ரூபாய் லஞ்சம் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. அவ்வரசின் அவசரச் சட்டமோ அதே ஆண்டு செப்டம்பரில்தான் பிறந்தது. ஆயினும், 1948 ஆகஸ்டு முதலே அது அமலிலிருந்ததாகக் கருதவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

இருந்ததாகக் கருதுவது வேறு, உண்மையில் இருப்பது வேறு என்றது கோர்ட். செயல் நிகழ்ந்த நாளில் மெய்யாகவே நடைமுறையிலிருந்த சட்டமே கணக்கு. இதனால் மந்திரி தப்பினாரா? இல்லை. தண்டனைச் சட்டம் அப்பகுதியில் முன்னமே அமலிலிருந்தது. லஞ்சம் அதன்படியும் குற்றமே. 1954-இல் அவருடைய அப்பீல் தள்ளுபடியாயிற்று.

இரண்டாவது வழக்கு மேற்கு வங்காளத்திலிருந்து வந்தது. 1947-இல் சர்க்காரை ஏமாற்றிப் பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதில் 47,550 ரூபாய், பெற்ற பணத்துக்கு ஈடாக அபராதம் விதிக்கவேண்டும் என்று கட்டளையிட்ட 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்ந்தது. முன்பு சென்னையில் வக்கீலாயிருந்த தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, பின்வந்த சட்டத்தால் கூடிய அந்தத் தொகை செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

லஞ்சக்காரருக்கும் மோசக்காரருக்கும் இத்தனை பாதுகாப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஊருக்குப் பிடிக்காதவனுக்காக இன்று வளைக்கும் சட்டத்தை நாளை எவருக்காகவும் வளைக்க இயலும். நாம் பிறந்த ராஜ்யம் ஒன்று, பிழைக்க வந்த ராஜ்யம் மற்றொன்று. ராஜ்யத்துக்கு ராஜ்யம் சட்டங்கள் மாறலாம், மொழியும் மாறலாம். ஆனால், நேற்றுச் செய்த செயலுக்கு இன்று குற்றம் கற்பிக்கும் உரிமை எந்த ராஜ்யத்துக்கும் இல்லை.