குலுக்கலைக் குடித்த குழாய்கள்

மலைப்பாதைக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்களின் முன்சக்கரத்தை இரண்டு பருத்த குழாய்கள் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில்பாரை அழுத்தினால் உள்ளே இறங்கும், கையை எடுத்தால் நிதானமாக மேலே வரும். ஃபோர்க் எனப்படும் இந்த அமைப்பின் இன்றைய நல்ல வகைகள் பெரும்பாலானவற்றில் இடக் குழாய்க்குள் காற்றும் வலக் குழாய்க்குள் எண்ணெயும் இருக்கின்றன. அடியை வாங்கிக்கொள்வது காற்றின் வேலை. வாங்கிய அடி துள்ளலாகத் திரும்பி வராமல் அடக்குவது எண்ணெயின் வேலை. இந்த இரண்டும் வேறு வேறு ஊர்களில் பிறந்து, வேறு வேறு வண்டிகளில் ஏறி, ஒரே சைக்கிளில் வந்து சந்திக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கதை 1860-களின் பாரிஸில் தொடங்குகிறது. பியேர் மிஷோவின் பட்டறையில் உருவான வெலாசிபீடு என்ற மிதிவண்டிக்கு மரச் சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருக்களில் அதை ஓட்டியவர்களின் எலும்பு கழன்றுபோகும் அளவுக்குக் குலுங்கியதால், ஆங்கிலேயர் அதற்கு எலும்பாட்டி என்றே பெயர் வைத்தார்கள். மிஷோவும் சும்மா இருந்துவிடவில்லை. இருக்கையை நீளமான எஃகுப் பட்டை ஒன்றின்மேல் பொருத்தினார். குதிரை வண்டிகளில் ஏற்கெனவே இருந்த உத்திதான் அது. ஆக, மிதிவண்டி பிறக்கும்போதே ஸ்பிரிங்கோடு பிறந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஸ்பிரிங் சேர்ப்பது ஒரு பந்தயமாகவே ஆகிவிட்டது. லண்டனில் லின்லி அண்ட் பிக்ஸ் நிறுவனம் 1885-இல் விப்பெட் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. இருக்கை, ஹேண்டில்பார், பெடல் மூன்றையும் ஒரே தொகுதியாக வைத்து, அந்தத் தொகுதி முழுவதையும் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார்கள். ஓட்டுபவரின் உடலுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மாறாமல் சக்கரம் மட்டும் ஏறி இறங்க வேண்டும் என்ற அந்த யோசனை, இன்றைய வடிவமைப்பாளர்களும் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம்.

விப்பெட்டுக்குக் கிடைத்த ஆயுள் குறைவு. மூன்றே ஆண்டுகளில், 1888-இல், பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினார். மறு ஆண்டே அத்தகைய டயர் போட்ட சைக்கிள் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் மற்றவர்களை ஓரங்கட்டியது. எடையில்லாத, கீச்சிடாத, துருப்பிடிக்காத காற்று இருக்கும்போது ஸ்பிரிங் எதற்கு? இத்தனைக்கும் டன்லப்பின் காப்புரிமை பின்னர் செல்லாது என்று ஆனது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே குதிரை வண்டிகளுக்காகக் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஒருவர் முன்பே கண்டதை மற்றொருவர் தெரியாமல் மறுபடி கண்டுபிடித்தார். அந்த இரண்டாவது பிறவிதான் உலகத்தைச் சுற்றியது. சைக்கிள் ஸ்பிரிங் ஏறத்தாழ நூறு ஆண்டு வனவாசம் போயிற்று.

அந்த வனவாசத்தில் அதற்கு அடைக்கலம் கொடுத்தது மோட்டார் சைக்கிள். எஞ்சினின் வேகத்துக்கு டயரின் காற்று மட்டும் போதவில்லை. ஸ்பிரிங் சேர்த்தால் குழியில் விழுந்த வண்டி குதித்துக்கொண்டே இருந்தது. 1935-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தன் ஆர்12 வண்டியில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களுக்குள் எண்ணெயை ஊற்றி இதற்கு விடை சொன்னது. ஊசி மாட்டாத சிரிஞ்சில் தண்ணீரை மெல்லத் தள்ளினால் சுலபமாக வரும், வேகமாகத் தள்ளினால் கையை எதிர்க்கும். ஃபோர்க்குக்குள் சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் ஓடும்போதும் அதுவே நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியோடு மோதிக்கொண்டிருந்த பிரிட்டனில், மேட்ச்லெஸ் நிறுவனம் 1941-இல் ராணுவத்துக்குக் கொடுத்த வண்டியிலும் இதே வகைக் குழாய்கள்தான் இருந்தன. நல்ல யோசனைக்குப் போர்முனையெல்லாம் ஒரு வேலி இல்லை. 1955-இல் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்த புல்லட்டின் முன்பக்கமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் சூயஸ் கால்வாய். 1956 நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. குறைந்த எரிபொருளில் ஓடும் சின்னக் கார் வேண்டும் என்ற அவசரத்தில் 1959-இல் மினி பிறந்தது. அதன் ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்தவர் அலெக்ஸ் மோல்டன். அவர் குடும்பத்துக்கு ரப்பர் பரம்பரைத் தொழில். கொள்ளுத்தாத்தா ஸ்டீபன் மோல்டன், அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் பதப்படுத்திய ரப்பர் மாதிரிகளை விற்றுத் தரும்படி இங்கிலாந்துக்கு எடுத்துவந்த வியாபாரி. அவை தாமஸ் ஹான்காக் என்பவர் பார்வைக்குப் போக, அவர் அவற்றை ஆராய்ந்து தம் பெயரில் இங்கிலாந்தில் காப்புரிமையே வாங்கிவிட்டார்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் சைக்கிள் பக்கம் திரும்பிய அலெக்ஸ் மோல்டன், 1962-இல் 16 அங்குலச் சக்கரங்களும் ரப்பர் சஸ்பென்ஷனும் கொண்ட சைக்கிளை வெளியிட்டார். முதலில் ராலே நிறுவனத்திடம் போயிருந்தார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். சொந்தமாகத் தயாரித்து அது பரபரப்பாக விற்கத் தொடங்கியதும், 1965-இல் அதே ராலே அதே போன்ற சின்னச் சக்கரத்தோடு ஆர்எஸ்டபிள்யூ என்ற சைக்கிளை இறக்கியது. ஆனால் சஸ்பென்ஷன் இல்லை. அதற்குப் பதில் பருமனான டயர். உருவத்தை நகலெடுத்து உயிரை விட்டுவிட்டார்கள். மெத்தென்ற அந்த டயர் மிதிப்பதைப் பாரமாக்கியது. 1967-இல் ராலே மோல்டன் நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

அதே பருமனான டயர் கலிஃபோர்னியாவில் வேறொரு அதிசயம் செய்தது. 1970-களில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர், 1930-களிலும் 40-களிலும் ஷ்வின் நிறுவனம் செய்த கனத்த சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்து, மலையுச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண்பாதையில் பாய்ந்து இறங்கினார்கள். 1976 அக்டோபரில் அதை முறையான பந்தயமாக்கினார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் சரியும் பாதை. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக், கீழே வருவதற்குள் சூடேறி, ஹப்புக்குள் இருந்த கிரீஸ் முழுக்கப் புகையாகிவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஹப்பைக் கழற்றி, துடைத்து, புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனாலேயே பந்தயத்துக்கு ரீபேக் என்ற பெயர் நிலைத்தது. ஒரு பராமரிப்பு வேலையின் பெயரைத் தாங்கிய பந்தயத்திலிருந்துதான் மலைச் சைக்கிள் என்ற விளையாட்டே கிளம்பியது. வீட்டு ஷெட்டில் கையை அழுக்காக்கிக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பிறவிக் குணம்.

ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே புது ஃபிரேம் செய்தார். டாம் ரிச்சி, கேரி ஃபிஷர், சார்லி கெல்லி அதை வியாபாரமாக்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் அதே பாணிச் சைக்கிளை ஜப்பானில் மொத்தமாகச் செய்து கடைகளுக்கு அனுப்பியது. இவை எதிலும் சஸ்பென்ஷன் கிடையாது. முட்டியும் முழங்கையும்தான் ஷாக் அப்சார்பர்.

எண்ணெய்க் குழாயைச் சைக்கிளுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் மோட்டோகிராஸ் மெக்கானிக்குகள். 1970-களில் அந்தப் பந்தயங்களில் சஸ்பென்ஷன் ஒரு புரட்சியே கண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் பாப் ஃபாக்ஸ் காற்று ஷாக் செய்தது அந்தக் காலத்தில்தான். அந்த உலகில் வேலை கற்ற பால் டர்னர், மோட்டோகிராஸ் ஃபோர்க்கைச் சைக்கிள் அளவுக்குச் சுருக்கினார். 1989-இல் ராக்‌ஷாக்ஸ் பிறந்தது. முதல் மாடலான ஆர்எஸ்-1, 5 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறங்கும். உள்ளே காற்றும் எண்ணெயும். பாரிஸ் வழியும் பெல்ஃபாஸ்ட் வழியும் ஜெர்மனி வழியும் இங்கே கூடின. எந்தக் காற்று ஸ்பிரிங்கைத் துரத்தியதோ, அந்தக் காற்றே ஸ்பிரிங்காக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைய ஃபோர்க்குகளில் அதை அடைக்கும் வால்வுகூடக் கார் டயரில் இருக்கும் அதே ஷ்ரேடர் வால்வு.

இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1990-இல் பதில் கிடைத்தது. கொலராடோவின் துராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப்பில், மலையிறங்கும் போட்டியை ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடு வந்த கிரெக் ஹெர்போல்டு வென்றார். அதே கொலராடோவில் டக் பிராட்பரி என்பவர் மேனிடூ என்ற ஃபோர்க்கைச் செய்தார். அவர் முறையில் காற்றும் இல்லை, எண்ணெயும் இல்லை. மெத்து ரப்பர் போன்ற எலாஸ்டோமர் துண்டுகளின் அடுக்கு. உடல் எடைக்கேற்ப மெத்தான துண்டையும் கடினமான துண்டையும் ஓட்டுபவரே மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் செய்யக்கூடிய முதல் சஸ்பென்ஷன் மேம்பாடுகளில் இது ஒன்று. குளிர்காலத்தில் துண்டுகள் விறைத்துப்போகும் என்பதே அதன் குறை. காலப்போக்கில் எண்ணெயும் காற்றும் அதை வென்றன.

மண்ணிலிருந்து கிளம்பிய குழாய் சாலைப் பந்தயத்துக்கும் ஒருமுறை எட்டிப்பார்த்தது. வட பிரான்ஸின் கற்பாதைகளில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தை, 1992-லும் 1993-லும் ஜில்பேர் துக்லோ-லசால் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடு வென்றார். இரண்டாம் முறை சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில். ஆனாலும் அங்கே அது வேரூன்றவில்லை. சாலை வீரர்களுக்கு எடை பெரிய விஷயம். அகலமான டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். டன்லப் இரண்டாம் முறையும் ஜெயித்தார்.

மற்ற கதை தொழிற்சாலைகளுடையது. இத்தாலியின் மோட்டார் சைக்கிள் ஃபோர்க் நிறுவனமான மார்சோக்கி, 1997-இல் பாம்பர் என்ற ஃபோர்க் மூலம் சைக்கிள் உலகைக் கலக்கியது. தைவானில் எஸ்ஆர் சன்டூர் போன்ற நிறுவனங்கள் எளிய ஃபோர்க்குகளை மலிவாக உலகெங்கும் அனுப்பின. 2002-இல் ஸ்ராம் நிறுவனம் ராக்‌ஷாக்ஸை வாங்க, அதன் தயாரிப்பும் தைவானுக்கே போயிற்று. மலிவு வகைகள் பலவற்றில் வெளித்தோற்றம் மட்டும் மலைச் சைக்கிள், உள்ளே வெறும் ஸ்பிரிங். எண்ணெய் இல்லாததால் அது துள்ளும், எடையும் கூடும். ராலே செய்ததையே அவையும் செய்கின்றன. அத்தகைய சைக்கிளில் தட்டையான ரோட்டில் போகிறவருக்கு, ஷாக் இல்லாத ஃபோர்க்கும் நல்ல டயருமே மேல்.

நல்ல ஃபோர்க் வைத்திருப்பவர்கள் புதிது வாங்குமுன் பழையதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராக்‌ஷாக்ஸ் கையேடுகள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கின்றன. முதலில் காற்றை முழுக்க இறக்க வேண்டும். அடிப்பக்க போல்ட்டுகளைச் சில சுற்று தளர்த்தி, அவற்றின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் கீழ்க்குழாய் விட்டுக்கொடுக்கும். சொட்டும் எண்ணெயைப் பாருங்கள்: ஊற்றும்போது தெளிவாக இருந்தது, சாம்பல் நிறத்தில், சேறு கலந்து வரும். மேல் விளிம்பின் ரப்பர் சீலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் பஞ்சு வளையம் காய்ந்து கிடக்கும். அதைத் துடைத்து, எண்ணெயில் ஊறவைத்து, மாடலுக்குக் கையேடு சொல்லும் சில மில்லிலிட்டர் எண்ணெயை ஊற்றி மூடினால் முடிந்தது. பிரேக் டிஸ்கில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

அடுத்து, வழக்கமான உடையும் ஹெல்மெட்டும் பையுமாக ஏறி நின்று, ஃபோர்க் தன் மொத்த இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும்படி காற்றை வைக்க வேண்டும். சைக்கிள் ஷாக்குக்கென்று விற்கும் சிறு பம்ப் இருந்தால் போதும். பெரிய குழியில் அடிவரை முட்டுகிறதென்றால், காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சேர்த்து இடத்தைக் குறைக்கலாம். கடைசிப் பகுதி மட்டும் கெட்டியாகும். இவ்வளவும் செய்த பிறகும் மனம் நிறையவில்லை என்றால், எண்ணெய்ப் பகுதியை மட்டும் மேம்பட்டதாக மாற்றும் வசதி பல மாடல்களுக்கு உண்டு. முழு ஃபோர்க்கையும் மாற்றுவது கடைசி வழி.

மிஷோவின் பட்டறையில் தொடங்கி மரின் ஷெட்டுகள் வரை, இந்தப் பொருளை முன்னுக்குத் தள்ளியவர்கள் பலரும் வண்டியைத் தாமே பிரித்துப் பார்த்தவர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கே எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். இந்த வார இறுதியில் ஒரு பழைய துணியும் ஒரு செட் ஆலன் சாவியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.